குடை மூடிய முகம்

எந்தக் கப்பலும் போய்ச் சேராத ஒரு கரையில் மருதவளம் என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் ஒரே ஓவியக் கல்லூரியில் கூரை ஒழுகியது. மாணவர்கள் வரைந்த படங்கள் மழையில் கரைந்தன. கல்லூரி முதல்வர் அறவாழி அரண்மனைக்குப் போய் முறையிட்டார்.

கலை அமைச்சர் பெருங்கிள்ளி கண்களை மூடி யோசித்தார். "குறை கூரையில் இல்லை, முதல்வரே. உங்கள் கல்லூரிக்கு ஓர் அடையாளம் இல்லை. அதுதான் குறை."

விரைவிலேயே புதுச் சின்னம் வந்தது: மன்னரின் பொற்குடை. வாசலில் பொறித்து விழா எடுத்தார்கள். விழாவன்றும் கூரை ஒழுகியது.

அடுத்து ஓர் ஆணை வந்தது. இனி ஒவ்வொரு படத்தின் மூலையிலும் குடை இருக்க வேண்டும். சில வாரங்களில் அது திருத்தப்பட்டது. மன்னரின் குடை மூலையில் நிற்பது அவமரியாதை. நடுவில்தான் நிற்க வேண்டும். பிறகு பாடங்களை நிறுத்தி, ஊர்ச் சுவர்களில் குடை வரைய எல்லோரையும் அனுப்பினார்கள். மறுத்த ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள்.

முல்லைக்கொடி மட்டும் போகவில்லை. அவள் அப்பா கோட்டைச் சுவர் கட்டப் போனவர். சுவர் இடிந்து அதனடியில் மாண்டார். யாரும் சாகவில்லை என்று அரண்மனை அறிவித்தது, உடலைக்கூடக் கொடுக்கவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. முகம் மறந்துபோவதற்குள் வரைந்துவிட வேண்டும் என்றுதான் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். பல முறை அழித்து, ஒருவழியாக அந்த முகத்தைப் பிடித்துவிட்டாள்.

ஆண்டுக் கண்காட்சிக்கு முன்பு அரண்மனை ஆட்கள் வந்து அந்தப் படத்தின் நடுவிலும் குடை தீட்டினார்கள். அதற்கே முதல் பரிசு என்று அமைச்சர் அறிவித்தார்.

கண்காட்சிக்கு வந்த அவள் அம்மா வஞ்சி, படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இதுல அப்பா எங்கடி?"

"குடைக்கு அடியில இருக்காரும்மா."

வஞ்சி நகத்தால் சுரண்டினாள். பொன்வண்ணம் உதிர்ந்து ஒரு கண் தெரிந்தது.

"அவரேதான்டி!" என்று அவள் அழுதபோது காவலர்கள் அவளை இழுத்துப் போனார்கள். அரசுச் சின்னத்தைச் சேதப்படுத்தியது குற்றம்.

சின்னத்தை உடனே சரிசெய்யும்படி அமைச்சர் உத்தரவிட்டார். ஆனால் குடை தீட்டிய அரண்மனை ஆட்கள் திரும்பிப் போயிருந்தார்கள்; முல்லைக்கொடியைத் தவிர தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள் கல்லூரியில் மிச்சமில்லை. அறவாழி அவளைக் கூப்பிட்டார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நீயே பூசிடும்மா. பூசினா அம்மாவ விட்டுடுறாங்களாம். எனக்கு வேற வழி தெரியல."

அவள் பொன்வண்ணம் குழைத்தாள். அந்தக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து தொடங்கி, கண்ணைக் கடைசியாகப் பூசி முடித்தாள். குடை பழையபடி முழுதாகப் பளபளத்தது.

தாயும் மகளும் சிறைவாசலிலிருந்து நடந்தபோது தெருவெல்லாம் மேளமும் வெடியுமாக இருந்தது. மருந்தில்லாமல் கிடந்த அரசு மருத்துவமனைக்குப் புதுச் சின்னம் அறிவித்திருந்தார்கள்.

அந்த இரைச்சலில் வஞ்சி மகளின் காதருகே குனிந்தாள்.

"அடியில அந்தக் கண்ணு அப்படியே இருக்கில்ல?"

"இருக்கும்மா" என்றாள் முல்லைக்கொடி.