ஆணியில் தொங்கிய துண்டு

நாட்டுக்குச் சட்டம் எழுதியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஒரு கக்கூசுக்குச் சட்டம் எழுதி, எட்டு வீட்டு ஜனங்களையும் அதற்குக் கட்டுப்பட வைத்தவர் எனக்குத் தெரிந்து துண்டு மேஸ்திரி ஒருவர்தான்.

கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊருக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம். அங்கே வேலை செய்தவர்களுக்கு ஒரே வரிசையில் எட்டு வீடுகள். எட்டுக்கும் பொதுவாகச் சரிவில் ஒரே ஒரு தகரக் கக்கூஸ். மேகம் இறங்கிவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. கையை நீட்டித் தடவிக்கொண்டு போக வேண்டும். என் அப்பா ஒருமுறை அப்படிப் போய் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து, மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

அந்தக் கக்கூசைக் கட்டியவர் மேஸ்திரி. அடிவாரத்திலிருந்து ஒரு சுவர் கட்ட மலையேறியவர், சுவர் முடிந்த பிறகும் இறங்கவில்லை. எட்டாவது வீட்டில் தனியாக இருந்தார். கோயில் கட்டியவரைப் போல அதைச் சுற்றிச் சுற்றி வருவார். "காட்டுப் பக்கம் ஆரும் ஒதுங்கக் கூடாதுங்க. அப்பறம் நான் எதுக்கு இதக் கட்டுனேன்?" என்பார்.

முதலில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. மலை ஈரத்தில் அது துருப்பிடித்து, ஒரு நாள் மூன்றாம் வீட்டு அக்கா உள்ளே இருந்தபோது அசையாமல் நின்றுவிட்டது. கூரைத் தகரத்தைக் கழற்றித்தான் அக்காவை மேலே தூக்கினார்கள். அக்கா கொஞ்சம் கனமான உடம்பு. நான்கு ஆண்கள் தேவைப்பட்டார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, இது கக்கூசா, ஜெயிலா?" என்று அக்கா கூரை மேல் உட்கார்ந்தபடியே கேட்டார்.

அன்று மாலையே மேஸ்திரி தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தார். கதவுக்கு வெளியே ஒரு ஆணி அடித்தார். சட்டம் பிறந்தது. உள்ளே போகிறவர் தன் துண்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். துண்டு தொங்கினால் மற்றவர்கள் சற்றுத் தள்ளியிருந்த பலாமரத்துக்குப் பின்னால், முதுகைக் காட்டி நிற்க வேண்டும். தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, இருமக்கூடக் கூடாது.

ஒருமுறை தோட்டத்துக் கணக்கைப் பார்க்க வந்த பெரிய அதிகாரிக்கு அவசரம் வந்துவிட்டது. வேகமாகப் போனவரை மேஸ்திரி கதவருகே மறித்தார்.

"துண்டுங்க?"

"என்னய்யா துண்டு? தள்ளு!"

"துண்டு இல்லீன்னா கழுத்துல தொங்குதே, அதக் கழட்டிக் குடுங்க சாமி."

அதிகாரியின் டை ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்த எட்டு வீட்டுக்காரர்களும் பலாமரத்துக்குப் பின்னால் கைகட்டி நின்றார்கள். டைக்கு அதைவிட மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைப்பது எளிதாக இல்லை. முப்பத்தைந்து வயதில், அடிவாரத்தில் ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுதுக்குள் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். சோளக்காட்டிலிருந்து காலையில் ஒரு பஸ். அதை விட்டால் சாயங்காலம்தான். முந்தின நாள் சந்தோஷத்தில் மேஸ்திரி ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியாகத் தின்று தீர்த்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. சோளக்காட்டில் பஸ் வந்து நின்றதும், ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பதைப் பார்த்திருந்தேன். இந்த வித்தையைக் கக்கூசுக்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றியது. அந்த வெள்ளிக்கிழமை காலை என் துண்டை ஆணியில் மாட்டி இடம் பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குச்சிக்கிழங்கு தின்ன உட்கார்ந்தேன். தின்று முடித்தபோது துண்டு நினைவில் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தேன். பலாமரத்துக்குப் பின்னால், புது வெள்ளை வேட்டியில், கக்கூசுக்கு முதுகைக் காட்டியபடி மேஸ்திரி நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். பத்தடி நடந்து துண்டை எடுத்திருந்தால் முடிந்திருக்கும். திட்டு விழும் என்ற பயத்தில் நான் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று.

மிளகு பறித்துத் திரும்பிய என் அம்மா, அப்போதும் அங்கேயே நின்றவரைப் பார்த்துப் பதறியிருக்கிறார்.

"ஏனுங்க மேஸ்திரி, பஸ் போயிருச்சுங்களே!"

"உள்ள ஆளு இருக்குது அம்மிணி."

"அது என்ற பையன் துண்டுங்க! அவன் பள்ளிக்கூடம் போயி எத்தன நேரமாச்சு!"

அன்று மாலை எட்டு வீடும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். வாசலில் மூன்றாம் வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"ஒரு தட்டுத் தட்டிப் பாத்தா என்னங்க? குடியா முழுகிப்போகும்?"

"எனக்கும் சந்தேகம் வந்துதுங்க" என்றார் மேஸ்திரி. "ஆனா நானே துண்டத் தாண்டிக் கதவத் தொட்டா, நாளைக்குப் பொம்பளைங்க எத நம்பி உள்ள போவாங்க? அதுக்குத் தாப்பாளும் இல்லீங்களே."

சிரிப்பு நின்றுவிட்டது.

அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். "துண்ட நீதான மாட்டுன?"

"கொடியில காயப் போட்டிருந்தேம்மா. காத்துல பறந்து போயி மாட்டியிருக்கும்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நம்ம மலைக் காத்து நல்லாத்தான் குறி பாக்குது, கண்ணு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை, காற்றில் பறந்து வரும் துண்டு மாட்டாமல், கையால் மாட்டினால் மட்டுமே நிற்கும்படி ஆணியை மேல்நோக்கி வளைத்து வைத்தார்.

சொன்ன நேரத்துக்கு வராத மாப்பிள்ளை வேண்டாம் என்று பெண் வீட்டார் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி அதன் பிறகு பெண் பார்க்கவே போகவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றேன். விடுமுறைக்கு மலையேறும் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அவர் பலாச்சுளை எடுத்து நீட்டுவார். வாயில் சுளை இருந்ததைச் சாக்காக வைத்துச் சொல்லாமலே இறங்கிவிடுவேன். இப்போது சொல்ல அவர் இல்லை.

என் வீட்டில் படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை. நல்ல தாழ்ப்பாள், துருப்பிடிக்காதது. இருந்தும் வெளியே கைப்பிடியில் துண்டைப் போடாமல் உள்ளே போக எனக்கு வருவதில்லை. என் மனைவி அதை மறதி என்று நினைத்துக் கொடியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறாள்.

அன்றைக்குக் காற்றே அடிக்கவில்லை, மேஸ்திரி.