அரைப் பங்கு முதலாளி

கம்பெனி பிறப்பதற்கு முன்பே அதற்கு முதலாளியாகிவிடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். விண்ணப்பம் போடுவதற்குள் விசிட்டிங் கார்டு அடித்து, சுழல் நாற்காலி வாங்கி, அதில் நாலு சுற்றுச் சுற்றியும் பார்த்துவிட்டு, கல்யாணப் பந்தியில் "நம்ம கம்பெனியில..." என்று ஆரம்பித்துப் பக்கத்து இலைக்காரரைச் சாப்பிடவிடாமல் செய்வார். கம்பெனி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வருத்தப்படுவார்.

சிக்கல் என்ற ஊர்க்காரர் செல்லச்சாமி இந்த இனத்தில் அசல். ஊர்க் குண்டு மிளகாய் வத்தலை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல ஆசைதான். ராமநாதபுரத்தில் கம்பெனி பதிவு செய்துகொடுக்கும் மதுமதியிடம் போனார்.

"பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைஞ்சது ரெண்டு பங்குதாரர், ரெண்டு டைரக்டர் வேணும் சார்."

"வீட்டுக்காரி பேரைப் போட்டுருங்க. சும்மா பேருக்குத்தான்."

"பங்கு எப்படி?"

ஆளுக்குப் பாதி என்றார் தாராளமாக. போட்ட முதலீட்டில் பாதி மாமனார் கொடுத்தது. குறைத்துப் போட்டால் அவர் முறைப்பார். அதோடு, புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன பாகப்பிரிவினை? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் மதுமதி. செல்லச்சாமியோ நல்ல நேரம் போய்விடுமே என்று பறந்தார்.

கம்பெனி பதிவானது. கீழக்கரை ஏற்றுமதிக்காரர் ஒருவர் முதல் ஆர்டரும் கொடுத்தார். பூஞ்சை கண்டால் மொத்தமும் திரும்பி வரும் என்பது அவர் நிபந்தனை. மிச்சமிருந்த பணத்தில் ஒரு காரியம்தான் செய்யலாம். செல்லச்சாமிக்குக் கார் வேண்டும். மனைவி கலைச்செல்விக்கு வத்தல் காயப்போட சிமெண்டுக் களம் வேண்டும்.

"கார் இல்லாத எம்.டி.யை எவன் மதிப்பான்?"

"மண்ணுல காயிற வத்தலை எவன் வாங்குவான்? ஒரு மழை பெஞ்சா ஆர்டரும் போச்சு, கம்பெனியும் போச்சுங்க."

"இது என் கம்பெனி, கலை!"

"அப்ப நான் யாரு?"

செல்லச்சாமி மதுமதிக்குப் போன் போட்டார்.

"கம்பெனிங்கறது சட்டப்படி தனி ஆள் சார். அதோட பணத்தை நீங்க மட்டும் தொட முடியாது. ஓட்டு சமமா வந்தா, கூட்டத் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு."

செல்லச்சாமியின் முகம் மலர்ந்தது. "அப்ப நான்தான் தலைவர்!"

"அதையும் டைரக்டர்கள்தான் முடிவு பண்ணணும் சார்."

"நானும் நிக்கிறேன்" என்றாள் கலைச்செல்வி, அடுப்படியிலிருந்து.

ஒன்றுக்கு ஒன்று. உலகத்தின் மிகச் சிறிய தேர்தல் அப்படியே நின்றது.

சாயங்காலம் கடலாடிப் பக்கம் இடி இடித்தது. வத்தல் முழுவதும் வெறுந்தரையில் கிடந்தது. இருவரும் ஓடினார்கள். தார்ப்பாயின் ஒரு முனையைச் செல்லச்சாமி இழுக்கக் காற்று பிடுங்கியது. மறுமுனையைக் கலைச்செல்வி பிடித்துக் கல் வைத்த பிறகுதான் அடங்கியது. ஓரத்தில் கொஞ்சம் நனைந்ததோடு ஆர்டர் தப்பியது.

"களமே போட்டுருவோம்" என்றார், தலை சொட்டச் சொட்ட.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவருக்கு அதில் வருத்தம்தான். ஆனால் நிம்மதியும் இருந்தது.

நமக்கென்ன, நாம்தான் கம்பெனி தொடங்கவில்லையே என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? சரி. 'என் வீடு' என்று நேற்றுகூட யாரிடமோ சொன்னீர்களே, அப்போது பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தீர்களா?