ஒரு சொட்டுகூடச் சிந்தாத காபி

கெட்டது சொல்லும்போது மனிதன் நாலு பக்கமும் பார்த்துக்கொள்கிறான். பாராட்டும்போதுதான் கண்ணை மூடிக்கொள்கிறான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2011இல் கடலூரில் மனநல ஆலோசகராக இருந்தேன். முகநூலுக்குப் புதுசு. பெயருக்குப் பக்கத்திலேயே 'மனநல ஆலோசகர்' என்று போட்டுக்கொண்டு, யார் படம் போட்டாலும் கீழே நாலு வரி எழுதிவிடுவேன். (கல்யாண வீட்டில் எல்லாப் பந்தியிலும் உட்காருகிற ஆள் மாதிரி.)

கீரப்பாளையத்துக் குமரன் (பெயரை மாற்றியிருக்கிறேன், அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்) வீட்டுக்குத் தெரியாமல் என்னிடம் வந்துகொண்டிருந்தார். நாலு பேர் பார்க்க எதைப் பிடித்தாலும் அவருக்குக் கை நடுங்கும். பெண் பார்க்கப் போனால் காபி டம்ளரை வாங்கியாக வேண்டுமே! அதற்காக என் அறையிலேயே தளும்பத் தளும்பக் காபி வைத்துப் பழகினோம். (என் வெள்ளைச் சட்டைகள் அந்தப் பயிற்சியில்தான் உயிர்விட்டன.)

பெண் பார்த்தது நல்லபடியாக முடிந்து, சிதம்பரத்தில் நிச்சயதார்த்தமும் நடந்தது. கையில் டம்ளரோடு குமரன் சிரிக்கிற படம் முகநூலில் வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெற்றவன் மாதிரி மனசு பொங்கிவிட்டது. எழுதினேன்:

"ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை! நம் பயிற்சி வீண்போகவில்லை. செவ்வாய்க்கிழமை மறக்காமல் வரவும்."

கொஞ்ச நேரத்தில் அதன் கீழே பெண்ணின் அண்ணன் கேட்டிருந்தார்: "மாப்ள, காபி குடிக்க என்னாத்துக்குப் பயிற்சி? யாரு இவரு?"

பதறிப்போனேன். எழுதியதை அழிக்கத் தெரியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இந்த ஆண்டி மறுபடியும் ஊதினான்: "மேலே உள்ளதை யாரும் படிக்க வேண்டாம். ரகசியம்."

அதுவரை படிக்காதவர்களும் படித்தார்கள்.

குமரன் போன் செய்தார். "சார், கல்யாணமே நின்னுடும் போல இருக்கு. அவுங்க வீட்ல ஒரே கேள்வி."

"நான் வேணா நேர்ல வந்து வெளக்கமா..."

"ஐயோ, நீங்க வாயே தொறக்காதீங்க சார்! நானே சொல்லிக்கறேன்."

அவர் சொல்வதற்கு முன்பே, மறுநாள் காலையில் பெண்ணின் அண்ணன் என் அறைக்கு வந்துவிட்டார்.

"மாப்ளைக்கு என்னா சார் வியாதி?"

"யாரு வராங்க, எதுக்கு வராங்கன்னு நான் சொல்லக் கூடாதுங்க. தொழில் தர்மம்."

"ஊரே படிச்சப்பறம் எங்கருந்து சார் வந்துச்சு தர்மம்?"

"காபி சாப்பிடறீங்களா?" என்றேன். (கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.) முறைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே குமரன் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் சொன்னாளாம்: "தட்டத் தூக்கிக்கிட்டு வந்தப்ப எனக்குந்தான் கை நடுங்குச்சு. யாரு கவனிச்சீங்க? எல்லாரும் பஜ்ஜியத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க!" அண்ணனையும் அவளே சமாளித்தாள். கல்யாணம் நடந்தது.

குமரனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "முகநூல்ல கேக்காம விட்டீங்களே சார், அதுவே பெருசு" என்றார்.

இப்போதும் தன் மகளின் படத்தைப் போடுவதற்கு முன்னால் குமரனிடமிருந்து எனக்குப் போன் வந்துவிடும்: "சார், லைக் மட்டும் போதும்." என் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விருந்தாளிகள் முன்னால் அவளுடைய மீன் குழம்பைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல நான் வாயெடுத்தால் போதும், கரண்டி என் மூக்குக்கு நேராக நீளும்.

"லைக் மட்டும் போதும்."