காலியாகக் கண்டால் நிரப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும். மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாகக் கண்டுபிடித்தது என் மருமகன் பார்க்கிற வேலையைத்தான். அந்த மின்விசிறித் தொழிற்சாலையின் வாசல் காவலன் நான். நடந்ததையெல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மருமகனின் பதவிப் பெயர் 'பொருள் நிரப்புநர்'. குளத்து நீர்மேல் ஓடும் பூச்சி மாதிரி நிற்காமல் ஓடுவதால், மற்றவர்களுக்கு அவர் வெறும் 'பூச்சி'. விசிறி பூட்டுகிறவர்கள் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. அவர்கள் முன்னால் திருகாணிப் பெட்டி காலியானால், இவர் தள்ளுவண்டியில் நிறைந்த பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார். சட்டம் எளிது: காலியாகக் கண்டால் நிரப்பு, கூடுதலாகக் கண்டால் எடு, யாரையும் கேட்காதே.

மேலாளர் இதை ஒரு மதமாகவே வளர்த்தார். மருமகன் பரம பக்தர். வீட்டிலும் காலித் தட்டைக் கண்டால் நிரப்பிவிடுவார். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர் என் தம்பி. அவரை ஆஸ்பத்திரியில்தான் மீட்டோம்.

இப்பேர்ப்பட்ட மேதைக்கே ஆபத்து வந்தது. மேலாளர் 'வீண்விரய ஒழிப்பு'க் கூட்டம் போட்டார். கூட்டம் மூன்றாவது மாடியில், சாத்திய கதவுக்குள். வாசலில் இருந்தபடியே பார்த்தேன்.

"நடைதான்யா பெரிய வீண். இங்க அதிகமா நடக்கிறவன் யாரு?"

"பூச்சி சார்."

"அப்ப வீண் யாரு?"

"பூச்சிதான் சார்!"

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். வீட்டுக்கு அனுப்பிடலாம்."

வீடு என்றால் என் வீடு. என் தட்டும் அங்கேதான் இருக்கிறது.

மருமகன் வாடிய முகத்தோடு வாசலுக்கு வந்தார். "என்ன மாமா பண்றது?"

"கையெழுத்து விழற வரைக்கும் வேலையப் பாருங்க மாப்ளே. சட்டம் சட்டம்தான்."

மறுநாள் பேனாவைத் திறந்த மேலாளர், மை ஒழுகிக் கை கழுவ எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து வண்டி அறைக்குள் நுழைந்தது. நாற்காலி காலி. மருமகன் யாரையும் கேட்கவில்லை. நேரே வாசலுக்கு வந்தார். சும்மா கிடந்த ஒரே சரக்கான என்னை வண்டியில் ஏற்றிப் போய் நாற்காலியில் வைத்தார்.

மேலாளர் ஈரக் கையோடு திரும்பினார்.

"யோவ் பூச்சி, அது என் சீட்டுய்யா!"

"சீட்டு நிறைஞ்சிருக்கு சார். நீங்க இப்ப கூடுதல் சரக்கு."

"நான் மேனேஜர்யா!"

"சரக்கோட முகத்தைப் பாக்காத, அளவை மட்டும் பாருன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

மேலாளர் கொள்கைக்காரர். தானே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வாசலில் என் ஸ்டூல் காலியாக இருந்தது. மருமகன் அதையும் நிரப்பினார்.

அன்றிலிருந்து ஆலைக்குப் பொற்காலம். விசிறிகள் முன்போலவே வெளியே போகின்றன. கூட்டங்களில் சண்டை இல்லை. "ஐயா எவ்வளவு பொறுமையா கேட்டுக்கறாரு பாரு!" என்று அதிகாரிகள் உருகுகிறார்கள். தலைமையகம் 'சிறந்த நிர்வாகி' என்று கேடயம் அனுப்பியிருக்கிறது. மருமகனின் வேலைக்கும் பயமில்லை. அந்த உத்தரவு இன்னும் கையெழுத்தாகாமல் மேசைமேல் கிடக்கிறது.

ஒரே ஒரு விவரம் விட்டுப்போயிற்று: மருமகன் என்னை வண்டியில் ஏற்றியபோது நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன், இதுவரை யாரும் என்னை எழுப்பவில்லை.