சமாதானம் என் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதிகள். பெரிய பேரன் பல் டாக்டராகிவிட்டான். அடுத்தவன் நீச்சல் போட்டியில் மூன்றாவது. நீந்தியது நாலே பேர் என்பதை உன் மருமகளிடம் சொல்லாதே. பேத்திக்கு வெளியுறவு அலுவலகத்தில் பதவி உயர்வு.

அவள்தான் ஒருநாள் சொன்னாள்: "பாட்டி, இப்பல்லாம் ஒரே ஒரு பெரிய நாடு சொல்றத உலகம் கேக்கறதில்ல. பெரிய நாடே நாலஞ்சு ஆயிடுச்சு, ஒண்ணுக்கொண்ணு முகம் குடுக்கறதில்ல. அதனால நடுவாந்தர நாடுங்களுக்குத்தான் மவுசு. ரெண்டு பக்கமும் போய்ப் பேசலாம், சமாதானக் கூட்டத்தத் தன் ஊர்லயே நடத்தலாம்." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் சட்டென்று புரிந்துவிட்டது. "அடியே, அது நான்தான்டி!" என்றேன்.

பின்னே? பொதுச் சுவரில் யார் ஏணி சாய்ப்பது என்ற தகராறில் நம் அண்ணன்கள் இருவரும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. நடுவில் நடையாய் நடந்தவள் யார்? சின்னவர் "அவரு கெடக்காரு" என்றதை, "அண்ணன் சுகமான்னு கேட்டார்" என்று மாற்றிக் கொண்டுபோனவள் நான். என் வீட்டில், என் கண்ணெதிரே அவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நாளும் குறித்தேன். வந்த இடத்தில் முட்டிக்கொள்ளக் கூடாதே என்று பெரியவரைக் காலையிலும் சின்னவரைச் சாயங்காலமும் வரச் சொன்னேன். இருவரும் வந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், மற்றவரைத் திட்டினார்கள், போய்விட்டார்கள். பேத்தி தலையில் அடித்துக்கொண்டு, "ஒரே நேரத்துல வந்தாத்தான் பாட்டி அது சமாதானம்!" என்றாள்.

அடுத்த வாரமே நீ முந்திக்கொண்டாய். உன் வீட்டில் இருப்பதே ஒரு சோபா. வேறு வழியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டார்கள். இதில் உன் சாமர்த்தியம் எங்கே வந்தது? நான் நாலு நாற்காலி வாங்கிப் போட்டது குற்றமா? இரண்டு அண்ணன்களுக்கும் நடுவில் நீ பல்லெல்லாம் தெரிய நின்ற படமும் வந்தது. எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. இரண்டு நாள் சாப்பிடாதது பசியில்லாமல். இனிமேல் அண்ணன்கள் விவகாரத்தில் நான் தலையிடவே மாட்டேன். நீயே பார்த்துக்கொள்.

உன் பேரப்பிள்ளைகள், என் பேரப்பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக, ஓகோவென்று இருக்கட்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சின்னண்ணன் போன் செய்தார். அன்று உன் வீட்டில் யார் முதலில் வாயைத் திறந்தது என்பதில் மறுபடியும் சண்டையாமே! ஐயோ, மனசு பதறுகிறது. ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒரே நேரத்துக்கு இங்கே வரச் சொல்லிவிட்டேன். நாற்காலிகளை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. நீயும் வா, படம் பிடிக்க ஆள் வேண்டும். என்னை நடுவில் நிறுத்திப் புதுப் படமாக எடுத்து, பெரிதாகப் போட்டு, தபாலில் அனுப்பிவை.