நாக்கில் சூடு போட்டால் இங்கிலீஷ்

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால் போட்ட கொட்டகையில் நிற்க இடமில்லை. எழுபதுகளின் கடைசி. புதுக் கம்பெனிகள் வந்திறங்கின. நேர்காணலில் இங்கிலீஷ் கேட்டார்கள். உடனே முளைத்துவிட்டார் ஆங்கிலானந்த சுவாமிகள். முளைக்காமல் இருப்பாரா?

சுவாமிகளின் சித்தாந்தம் எளிது. "ஒரு நாக்குல ஒரு பாஷைக்குத்தான் எடம். தமிழை எறக்குனாத்தான் இங்கிலீஷ் ஏறும்." எப்படி இறக்குவது? ஊசியைக் காய்ச்சி நாக்கில் ஒரு சூடு. தமிழ் அலறிக்கொண்டு ஓடிவிடுமாம். அலறப்போவது தமிழா, தமிழனா என்று யாரும் கேட்கவில்லை.

கலியனுக்கு மறுநாள் உருக்காலையில் நேர்காணல். நெல் விளைந்த நிலம் கம்பெனிக்குள் போய்விட்டது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது. பயத்தில் பனியன் நனைந்தாலும் வரிசையில் நின்றான். பக்கத்தில் மனைவி பூவம்மாள், ஆந்திர எல்லையில் தடா பக்கத்துத் தெலுங்குப் பெண், கடுகடுவென்று நின்றாள்.

"வாணாம்யா. வெந்த நாக்க வச்சிக்கினு நாளைக்கு இன்னா பேசுவ?"

"சும்மா இரு பூவு. அந்தாண்ட பாக்கியராஜப் பாரு, எப்டி பேசுறான்!"

மேடையில் மைக் முன்னால் சீடன் பாக்கியராஜ், பேன்ட்டும் டையுமாக, "எஸ் எஸ், ஒய் நாட், வெரி குட்" என்று பொழிந்துகொண்டிருந்தான். சூடு பட்டதும் தமிழ் அடியோடு போய்விட்டதாம். பெற்ற தாய் கூப்பிட்டாலும் விளங்காதாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தாயை மறந்தவனைக் கும்பிட இத்தனை பேர்!

கலியன் முறை வந்தது. நாக்கை நீட்டினான். ஊசி சிவந்து வந்தது.

பூவம்மாள் சட்டென்று மேடையேறினாள். "தம்பி, பேன்ட் பட்டன் தொறந்துக்கினு கீதே!"

இங்கிலீஷ்காரனின் இரண்டு கையும் கீழே பாய்ந்தன. "எங்க? சரியாத்தானே போட்டுக்கினு வந்தேன்!" மைக் ஊருக்கே சொன்னது, பச்சைத் தமிழில்.

"கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கினு இருந்துச்சு..." என்று சுவாமிகள் இழுத்தார்.

"கண்ணாலம் கட்டிக்கினு வந்தப்போ எனக்குத் தமிழே தெரியாது. காதால கேட்டு, தப்புத்தப்பா பேசி, எல்லாரும் சிரிக்கச் சிரிக்கத்தான் கத்துக்கினேன். எந்தச் சாமி சூடு வச்சுது? எங்க நைனாகிட்ட பேசுற தெலுங்கு எங்க போச்சு?"

கொட்டகையே சிரித்தது. சுவாமிகள் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்.

கலியன் வெட்கத்தோடு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். மறுநாள் தப்புத்தப்பாகவே இங்கிலீஷ் பேசினான். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வீடு இரண்டு மொழி பேசும் ஊர், மூன்றாவதுக்காக நாக்கைச் சுட்டுக்கொள்ள வரிசையில் நின்றது! காதால் கேட்டால் மொழி வரும். ஏன் என்று கேட்டால் அறிவு வரும். இரண்டும் கேட்காதவன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.