ரொட்டித் தட்டைக் கழுவி வைத்தது யார்?

"டெல்மர்! தண்ணி மறுபடியும் ஜில்லுனு வருது!"

குளியலறையிலிருந்து மனைவி லொரெட்டா போட்ட கத்தலில் டெல்மர் கையிலிருந்த காபி பாதி மடியில் கொட்டியது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நெப்ராஸ்காவின் பனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் காலை நீட்டிக் கிடக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்காகத்தான் கட்டிலும் சமையலடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்கும் இந்தப் பழைய வண்டியை வாங்கினார்.

லொரெட்டாவுக்கு மூட்டுவலி. வெந்நீர் படாவிட்டால் முட்டி மடங்காது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். வெந்நீர் வரலைன்னா நான் ஒமாஹாவுக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ வண்டியை வித்துட்டு வந்து சேரு" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

ஹீட்டர் என்னவோ கரண்டிலும் ஓடும், கேஸிலும் ஓடும். இப்படிப்பட்ட வண்டிகள் நிற்கும் பாலைவன முகாமில் வந்து இறங்கிய அன்றைக்கே டெல்மர் கரண்ட் சுவிட்சைத் தட்டினார். முதலில் அதன் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. உள்ளே இருந்த கம்பி கருகிப்போனது. மிச்சம் கேஸ்தான்.

கேஸ் குப்பென்று பற்றும். கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சுவிட்ச் அணைந்த பக்கம் சாய்ந்திருக்கும்.

"நீ அணைச்சியா?"

"எனக்கென்ன பைத்தியமா? நானே வெந்நீருக்கு ஆலாப் பறக்குறேன்!"

சுவிட்ச் லூசு என்று டெல்மர் முடிவு கட்டினார். அதன் மேல் நாடாவை அழுத்தி ஒட்டினார். கையோடு, பாலைவனக் காற்று நெருப்பை அணைத்துவிடக் கூடாது என்று, வெளிச்சுவரில் ஹீட்டரின் புகை போகும் சல்லடை மீது லொரெட்டாவின் ரொட்டி சுடும் தட்டை வைத்து மூடினார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அந்தத் தட்டு சாப்பாட்டு மேசையில் இருந்தது, பளபளவென்று கழுவித் துடைத்து. பக்கத்தில் நாடா அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

லொரெட்டாவுக்கு வாயெல்லாம் பல். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் ஒரு பாத்திரம் கழுவியிருக்கே!"

"ஹி ஹி" என்றார் டெல்மர். கிடைத்த நல்ல பெயரை எவன் வேண்டாம் என்பான்? ஆனால் தட்டை அவர் தொடவே இல்லை.

அடுத்த தொல்லை, சுவரில் இருந்த நச்சுப்புகை மணி. ஹீட்டர் எரிந்தால் போதும், அது கீச்கீச்சென்று கத்தும். டெல்மர் அதன் பேட்டரியைப் பிடுங்கி, சாக்ஸ் வைக்கும் இழுப்பறையில் போட்டார். அன்று பொழுது சாயும் நேரம், பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மணி மறுபடி கத்தியது. திறந்து பார்த்தார். பேட்டரி உள்ளே இருந்தது.

"நீ போட்டியா?"

"இல்லையே. நீ?"

"நானும் இல்லை."

யாரும் உட்காராத ஓட்டுநர் இருக்கை மெல்ல ஒரு முறை கிறீச்சிட்டது. டெல்மர் பீன்ஸ் தட்டோடு வெளியே ஓடினார்.

பக்கத்து வண்டி செனைடா பல வருஷமாக அந்த முகாமிலேயே இருக்கும் மெக்சிகோக்கார விதவை. டெல்மர் கூப்பிட்டதும் நாய்க்குட்டியோடு வந்தாள். குட்டி நேராகப் போய், காலி ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து வாலை ஆட்டியது.

"இது வர்ஜிலோட வண்டியாச்சே" என்றாள் செனைடா. "வருஷா வருஷம் குளிருக்கு இங்கதான் வந்து நிப்பாரு. போன கோடையில ஆஸ்பத்திரியில தவறிட்டாரு. வண்டின்னா அவருக்கு உசுரு."

டெல்மருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அதான் சங்கதியா! வண்டியைத் திருப்பிக் கேக்குறான். வெந்நீர் வராம பண்ணி நம்மளை விரட்டப் பார்க்குறான் லொரெட்டா! நீங்களே அவன்கிட்டப் பேசுங்கம்மா. மரியாதையா கிளம்பச் சொல்லுங்க."

செனைடா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெழுகுவத்தி ஏற்றி, வாசனைத் தழையைப் புகைய விட்டு, இருக்கையின் முன்னால் கண்ணை மூடி நின்று, ஸ்பானிய மொழியில் வெகுநேரம் உருக்கமாகப் பேசினாள். டெல்மருக்கு அந்த மொழியில் பீர் கேட்க மட்டும்தான் தெரியும். "ஆமா, ஆமா, நல்லாச் சொல்லுங்க" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

செனைடா போனதும் பேட்டரியைத் தூக்கிக் குப்பையில் எறிந்தார். தட்டை இந்த முறை திருகாணி போட்டே முடுக்கினார். சுவிட்சைப் போட்டார். ஹீட்டர் எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது! லொரெட்டா குளிர் உள்ளே வராமல் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் பாட்டு வெளியே வரை கேட்டது. டெல்மர் நாற்காலியைப் போட்டு, பீரைத் திறந்து, பேயை ஜெயித்த மனிதராக உட்கார்ந்தார்.

செனைடா சோளமாவில் அவித்த தமாலே ஒரு தட்டு நிறைய எடுத்து வந்தாள். வண்டியின் ஹீட்டர் பக்கச் சுவரைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டு நழுவி மண்ணில் விழுந்தது. ரொட்டித் தட்டைச் சுற்றிலும் சுவர் கரி படிந்து கறுத்துக் கிடந்தது.

"யோவ்! புகை போற வழியை எவன்யா அடைச்சது?"

"நான்தான். காத்து..."

"அந்தப் புகை உள்ள திரும்பினா வாசனைகூடத் தெரியாதுய்யா! தூங்குற மாதிரியே ஆளு போயிடும்! உள்ள யாரு இருக்கா?"

பாட்டு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று டெல்மருக்குத் தெரியவில்லை.

வெறுங்கையால் ரொட்டித் தட்டைத் திருகாணியோடு பிய்த்தார். கை பொசுங்கியது. பின்னால், குழாய் வாய் நிறையக் குளவி கட்டிய பழைய மண்கூடு. அப்படியென்றால் முதல் நாளே வழி அடைத்துத்தான் கிடந்திருக்கிறது. வாரம் முழுக்க ஒருத்தர் அணைத்து அணைத்துக் காப்பாற்றியிருக்கிறார். காவலுக்கு நின்றவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியாகிவிட்டது.

"லொரெட்டா!" வாழ்நாள் ஆசையும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு. அழுதுகொண்டே படியேறி ஓடினார்.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. தலை நிறைய சோப்பு நுரை, சுற்றிய துண்டு, தந்தியடிக்கும் பற்கள்.

"உனக்கு அறிவிருக்கா? சோப்புப் போட்டு நிக்கிறேன், தண்ணி ஜில்லுனு வருது! இதுல ஜன்னல் அத்தனையையும் வேற திறந்துவிட்டிருக்கே!"

ஒன்று விடாமல் எல்லா ஜன்னலும் விரியத் திறந்திருந்தது. சுவிட்ச் அணைந்த பக்கம் சாய்ந்திருந்தது. குப்பையில் போட்ட பேட்டரி, துடைக்கப்பட்டு, மேசை நடுவில் நின்றது.

டெல்மர் நுரையோடு நுரையாக அவளைக் கட்டிக்கொண்டு விம்மினார். பிறகு மெல்லத் திரும்பி, வாசலில் மூச்சிரைக்க நின்ற செனைடாவைப் பார்த்தார்.

"ஆனா... நீங்கதான் அவரைப் போகச் சொல்லிட்டீங்களேம்மா?"

"நான் எப்பய்யா போகச் சொன்னேன்?" என்றாள் செனைடா. "'இந்தாளுக்கு ஒரு எழவும் தெரியாது வர்ஜில், இவங்க ஊர் திரும்புற வரைக்கும் நீங்க எங்கயும் போயிடாதீங்க'ன்னுல்ல கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்!"